கண்ணாடியில் பார்த்த கால் இறுதி

அக்டோபர் 4, சனி

மகள் பூங்கொடியும் பேத்தி மிருதுளாவும் விடியற்காலை விமானத்தில் டில்லிக்குப் போய்விட்டார்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான தேசிய டென்னிஸ் போட்டி. நாடு முழுவதும் சலித்து முப்பத்திரண்டு பேரைத்தான் எடுப்பார்களாம். கோயமுத்தூரிலிருந்து ஒருத்திதான். அந்த ஒருத்தி யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாப்பிள்ளைக்கும் அவருடைய அம்மாவுக்கும் சமைத்துப் போட என்னைக் கோபியிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை மோகனசுந்தரம் பம்ப்செட் பட்டறை வைத்திருப்பவர். பேச்சும் இரும்பு மாதிரிதான். கிளம்பும் நேரத்தில், பிள்ளை வாயில் இட்லி வைத்திருக்கும்போது சொல்கிறார்:

"இந்தத் தடவ சாம்பியனா வந்தீனா வெளையாடு. இல்லீனா இதோட செரி. மட்டைய வெச்சுப்போட்டுப் பன்னெண்டாவதப் படி, இன்ஜினியரிங் போ."

"செரிப்பா" என்றாள் மிருதுளா. அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது என் விரலை விடவே இல்லை. பதினேழு வயதுப் பெண்ணின் உள்ளங்கை காய்த்துப்போய் உரல் மாதிரி இருக்கிறது.

அவர்கள் போன பிறகு எனக்கு ஒரு சட்டம் போட்டார்கள்.

"அத்தை, தப்பா நெனைக்காதீங்கொ" என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். இப்படி ஆரம்பித்தால் தப்பாகத்தான் நினைக்க வேண்டியிருக்கும். "மதுரை, கரூரு, சென்னை. நீங்க நேர்ல வந்து பாத்த மூணு போட்டியும் மொத ரவுண்டுலயே போச்சுங்க. இது டிவியிலயும் வருது. அதனால..."

மிச்சத்தைச் சம்பந்தியம்மாள் ராமாத்தாள் முடித்து வைத்தார்கள். "ராசின்னு ஒன்னு இருக்குதுங்களே சம்பந்தி. உங்களக் குத்தஞ் சொல்லலீங்க. மேட்ச் நடக்கையில நீங்க சமையக்கட்டுலயே இருந்துக்குங்கொ."

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இரவு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 5, ஞாயிறு

துணி மடித்தேன். இட்லிக்கு ஆட்டினேன். யாரோடும் பேசவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

முதல் சுற்று. எதிராளி அரியானாப் பெண்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை பட்டறைக்குப் போகாமல் செல்போனை டிவியோடு இணைத்துவிட்டு உட்கார்ந்தார். சம்பந்தியம்மாள் ஒற்றைச் சோபாவில், காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு, மகாராணி மாதிரி. நான் சமையலறையில் பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தேன். டிவி இருக்கும் பக்கம் திரும்பக்கூட இல்லை. சொன்ன சொல் காப்பவள் நான்.

ஆனால் சமையலறை வாசலுக்கு நேரே பேத்தியின் கோப்பைகளை அடுக்கி வைத்த ஷோகேஸ் இருக்கிறது. அதன் கண்ணாடியில் டிவி முழுசாகத் தெரிகிறது. ஷோகேஸைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

என் தங்கம் என்னமாய் ஓடுகிறாள்! வெள்ளைத் தொப்பி, பின்னால் ஆடும் சடை. இடது கையால் விளாசுகிறாள். எண்கள் மட்டும் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிவதால் மாப்பிள்ளை போடும் சத்தத்தை வைத்துத்தான் கணக்குத் தெரிந்துகொண்டேன். அந்தக் கணக்கும் ஒரு கணக்கா? முதல் அடிக்குப் பதினைந்து, அடுத்து முப்பது, அதற்கடுத்து நாற்பது. ஐந்தாம் வகுப்பில் பதினைந்தாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொல்லி வாத்தியாரிடம் பேர் வாங்கியவள் நான். முப்பதுக்கு அப்புறம் நாற்பத்தைந்து. பெரிய போட்டி நடத்துகிறவர்களுக்கு இது தெரியவில்லை.

6-2, 6-4. ஜெயித்துவிட்டாள்.

"பாத்தீங்களா அத்தை, நீங்க பாக்காததுக்கு!" என்றார் மாப்பிள்ளை.

"ஆமாங்க மாப்ள" என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று ஆட்டம் இல்லை. சம்பந்தியம்மாள் கீழே நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்கள்: "நான் அந்தச் சோபாவுல ஆடாம அசையாம உக்காந்தனுங்க, புள்ள ஜெயிச்சுப்போட்டா."

என் வயிற்றில் பிறந்தவள் வயிற்றில் பிறந்த பிள்ளை ஓடி ஓடி ஜெயித்திருக்கிறாள். பேர் சோபாவுக்கு.

கீழ் வீட்டு லலிதா வந்து விசாரித்தாள். எங்கள் பிள்ளை இடது கைக்காரி, இடது கைக்காரர்களை ஜெயிப்பது கஷ்டம் என்று விளக்கமாகச் சொல்லி அனுப்பினேன்.

அக்டோபர் 8, புதன்

இரண்டாவது சுற்று, வங்காளத்துப் பெண். எமகாதகி. பந்தை மேலே தூக்கித் தூக்கிப் போட்டு எங்கள் பிள்ளையை அலைக்கழித்தாள். முதல் செட்டில் 4-5. எதிராளிக்கு ஒரே ஒரு அடி வேண்டும். "யாரும் அசையாதீங்க!" என்று மாப்பிள்ளை கத்தினார்.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது, சாம்பாருக்கு உப்புச் சரியாக இருக்கிறதா என்று. சம்பந்தியம்மாள் நாக்கு நல்ல நாக்கு. "சம்பந்தி, ஒரு நிமிசம் வந்து உப்புப் பாருங்கொ" என்று கூப்பிட்டேன். பழக்க தோஷத்தில் அவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள்.

செட் போச்சு.

ராசியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் கூப்பிட்டேன். இருந்தாலும் அந்தப் பந்து வலையில் விழுந்ததும் கையில் இருந்த கரண்டியைத் தண்ணீர்க் குடத்தில் போட்டுவிட்டேன். அது வயசுக் கோளாறு.

"யாரு எந்திரிச்சது?" மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார்.

"சம்பந்தியம்மாதானுங்க மாப்ள, இப்பத்தான் வந்தாங்க" என்று நான் உண்மையைச் சொன்னேன்.

"அம்மா! அசையாதீங்கன்னு தொண்ட கிழியக் கத்தறேன், நீங்க சாம்பாரக் குடிக்கப் போனீங்களா?"

"டேய், சும்மா நாக்குல ஒரு சொட்டு..."

"அங்கயே இருங்கொ. மேட்ச் முடியற வரைக்கும் இந்தப் பக்கம் வரப்படாது."

சம்பந்தியம்மாள் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். நான் கறிவேப்பிலை உருவினேன். அடுத்த இரண்டு செட்டும் எங்கள் பிள்ளைக்கு. 4-6, 6-3, 6-4.

அக்டோபர் 9, வியாழன்

கால் இறுதி. ஹாலில் மாப்பிள்ளை மட்டும். சமையலறையில் நாங்கள் இரண்டு பேரும், நடுவில் ஒரு முறம் நிறைய மொச்சை.

உரித்துக்கொண்டே இருந்த சம்பந்தியம்மாள் திடீரென்று கேட்டார்கள்: "என்னுங்க சம்பந்தி, அந்த ஷோகேஸையே பாத்துட்டு இருக்கறீங்க?"

"தூசி அடஞ்சிருக்குதுங்க."

"தூசி ஓடியாடி டென்னிஸ் வெளையாடுதுங்களா?"

நான் உரித்த மொச்சையையே இன்னொரு தடவை உரித்தேன்.

"சித்த நவுருங்கொ" என்று சொல்லிவிட்டு ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். போன தை மாதம்தான் இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆனது. என்னைவிட நன்றாகத் தெரிகிறது அவர்களுக்கு. பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று அம்பயருக்கு முன்னால் சொல்லிவிடுகிறார்கள்.

"நம்ம புள்ள எடது கையில என்னமா அடிக்கறா பாருங்கொ" என்றேன்.

"கண்ணாடில பாத்தா எல்லாருமே எடது கைதானுங்க சம்பந்தி."

அது எனக்கும் தெரியும். லலிதாவை வேறொரு நாள் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

7-5, 6-3. அரை இறுதிக்குப் போய்விட்டாள்! நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு குதித்தோம். மொச்சை முழுக்கத் தரையில். பொறுக்கும்போது அவர்கள் சொன்னார்கள்:

"நேத்து சாம்பாருல உப்பு செரியாத்தானுங்க இருந்துச்சு."

"அப்பிடீங்களா?"

"எனக்கு ஒன்னுந் தெரியாதுன்னு நெனச்சுப்போட்டீங்களாக்கும்?"

நான் மழுப்புவதற்கு முன்னால் அவர்களே சிரித்துவிட்டார்கள். "அந்தச் சோபாவுல உக்காந்து உக்காந்து எனக்கு இடுப்பே போச்சு, போங்கொ."

அக்டோபர் 10, வெள்ளி

அரை இறுதிக்கு முன்னால் பூங்கொடி போன் செய்தாள். பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லையாம். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "நாளைக்குத் தோத்துட்டா இதுதான் நான் கடைசியா வெளையாடற மேட்ச்சாம்மா?" என்று கேட்டாளாம். "அவருகிட்ட நீ ஒன்னும் சொல்லீராதம்மா" என்றாள் மகள். நான் எதற்குச் சொல்கிறேன்?

சம்பந்தியம்மாளிடம் மட்டும் சொன்னேன். அவர்கள் கேட்டுவிட்டு ஹால் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்கள். பிறகு, "மொதல்ல அவன அந்த டிவிக்கு முன்னால இருந்து கெளப்போணும். அவன் கத்தற கத்து டில்லிக்கே கேக்கும்" என்றார்கள்.

முதல் செட் நடுவில் பட்டறையிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளை எழுந்து போய் இரண்டு வார்த்தை பேசினார். அதற்குள் செட் சரசரவென்று போய்விட்டது. 3-6.

நான் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பேசியது அவரைப் பெற்ற சம்பந்தியம்மாள்தான்.

"மோகனு, ராசின்னா எல்லாத்துக்கும் ராசிதானப்பா? நான் எந்திரிச்சப்ப ஒரு செட்டு போச்சு. இப்ப நீ எந்திரிச்ச."

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. மெதுவாக எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெயிலில் நின்றார். நாங்கள் நினைத்தது வேறு. ஹாலில் உட்கார்ந்து ஆசை தீர நேராகப் பார்க்கலாம் என்று நினைத்தோம். ஆனால் பிள்ளை தடுமாற ஆரம்பித்ததும் சம்பந்தியம்மாளே என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். "வேண்டாமுங்க. கண்ணாடியே போதும்." எனக்கு ராசியில் நம்பிக்கை இல்லை. அவர்கள் மனசு கஷ்டப்படக் கூடாதே என்று நானும் சமையலறையிலேயே இருந்துவிட்டேன்.

3-6, 7-6, 6-4. இறுதி ஆட்டம்!

மாப்பிள்ளை கழுத்தெல்லாம் சிவந்து உள்ளே வந்தார். ரிசல்ட்டைக் கேட்டார். பெரிய தீர்ப்பு மாதிரி சொன்னார்: "நாளைக்கு யாருமே பாக்க வேண்டாமுங்க. மூணு பேரும் வெளிய."

சம்பந்தியம்மாள் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். இது நாங்கள் போட்ட திட்டத்தில் இல்லை.

அக்டோபர் 11, புரட்டாசிச் சனி

பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டு ஒன்பதரைக்கே தயாராகிவிட்டோம். எதிராளி போன வருஷச் சாம்பியன், புனாக்காரப் பெண்.

டிவியை அணைக்கலாம் என்றால் மாப்பிள்ளை விடவில்லை. இத்தனை நாள் ஓடியது, இன்று மட்டும் நிறுத்தினால் அது ஒரு வித்தியாசமாம். ஆக, காலியான சோபாக்களுக்கு டிவியைப் போட்டுக் காட்டிவிட்டு, மூன்று பேரும் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்தோம். செல்போன்கள் மூன்றும் உள்ளே.

கதவு சாத்தியிருந்தாலும் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். பிறகு கைதட்டல். யாருக்குத் தட்டுகிறார்கள் என்று தெரிந்தால்தானே?

கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மாள், "பிரசர் மாத்திரை போட்டனான்னு தெரியல, உள்ள போய்ப் பாத்துட்டு வரட்டா?" என்றார்கள்.

"போட்டீங்கம்மா. நாந்தான் தண்ணி குடுத்தேன்" என்றார் மாப்பிள்ளை.

"அடுப்ப அணைச்சனான்னு..." என்று நான் இழுத்தேன்.

"அணைச்சீங்க அத்தை."

அப்புறம் அவரே எழுந்து கதவுப்பிடியில் கை வைத்தார். "மோகனு" என்றார்கள் சம்பந்தியம்மாள். "பூட்டு செரியா விழுந்துச்சான்னு பாத்தனுங்கம்மா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

லலிதா பால் பாக்கெட்டோடு படியேறி வந்தாள். "ஏனுங்க, பைனல் ஓடுதில்லீங்களா? சாவி உள்ள மாட்டிக்கிச்சா?"

"காத்துக்காக உக்காந்திருக்கறோமுங்க" என்றார்கள் சம்பந்தியம்மாள். அந்தப் படிக்கட்டில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மூன்றாவது செட்டாகத்தான் இருக்க வேண்டும். சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. ஒரு பெரிய கைதட்டல். மாப்பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"தோத்தாலும் போகுதுங்க அத்தை" என்றார் திடீரென்று. தரையைப் பார்த்துத்தான் சொன்னார். "அழுகாம இருந்தாப் போதும்."

நான் கேட்டுவிட்டேன். "அப்பறம் எதுக்குங்க மாப்ள புள்ளைக்கு அப்பிடியொரு நிபந்தனை போட்டீங்க?"

"சென்னையில தோத்துட்டு வந்தப்ப, காருல பின்னால உக்காந்து சேலம் வரைக்கும் அழுதாளுங்க. சத்தமே இல்லாம. நான் கண்ணாடியில பாத்துட்டே ஓட்டுனேன். என்னால முடியலீங்க. வெளையாடாட்டி அழுக மாட்டாள்ல, அதான்."

இரும்பு என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

"இன்ஜினியரிங் படிச்சா அழுக மாட்டாளுங்களா?" என்றேன். "உங்க பட்டறை சூப்பர்வைசர் பையன் அரியர் வெச்சுப்போட்டு வந்து உங்க சட்டையில மூக்கத் தொடச்சு அழுதத மறந்துட்டீங்களா?"

சம்பந்தியம்மாள் பொங்கிச் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பில் உள்ளே கைதட்டல் நின்று விளம்பரப் பாட்டுக் கேட்டதை யாரும் கவனிக்கவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. விழுந்தடித்துக் கதவைத் திறந்து ஓடினோம். டிவியில் யாரோ சோப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. பூங்கொடி. ஸ்பீக்கரில் போட்டார் மாப்பிள்ளை.

"ஒரு நூல்லதாங்க போச்சு. 6-4, 3-6, 5-7."

அதற்குள் மிருதுளா போனை வாங்கிவிட்டாள்.

"எல்லாரும் பாத்தீங்களா?"

"பாக்காம? கண்ண எடுக்கல சாமி" என்றேன்.

"கடசி செட்டுல ஓரமா ஒரு அடி கோட்டு மேலயே விழுந்துச்சே, பாத்தீங்களா ஆத்தா?"

"அய்யோ, அது என்னா அடி!" என்றார்கள் சம்பந்தியம்மாள்.

"நான் எந்திரிச்சுக் கைதட்டுனேன் கண்ணு" என்றார் மாப்பிள்ளை.

"அது அவ அடிச்சதுப்பா."

மாப்பிள்ளை முழித்தார். நான் போனுக்குக் குனிந்தேன். "நல்லா அடிச்சா யாரா இருந்தாலும் கைதட்டோணும் சாமி. உங்கொப்பா அப்பிடித்தான்."

மிருதுளா மெல்லக் கேட்டாள். "அப்பா, நான் சாம்பியன் ஆகலியே. அவ்வளவுதானா?"

மாப்பிள்ளை போனைக் கையில் எடுத்துக்கொண்டார். "அழுதியா கண்ணு?"

"அழுதாச்சுப்பா. பாத்ரூம்ல. இப்பப் பசிக்குது."

"சாப்புடு. சாப்புட்டுட்டு, அடுத்த போட்டி எங்க, எப்பன்னு கோச்சுகிட்டக் கேட்டுட்டு வா. பன்னெண்டாவதும் படிக்கோணும், ஆமா. ரண்டையும் பாத்துக்கலாம்."

டில்லியில் அவள் போட்ட கூச்சலில் ஸ்பீக்கர் கரகரத்தது.

சாப்பிடும்போது எனக்கு ஒன்று தோன்றியது. இன்றைக்கு நான் பார்க்கவே இல்லை. யாருமே பார்க்கவில்லை. அப்படியும் தோற்றிருக்கிறாள். அப்படியானால் மதுரைக்கும் கரூருக்கும் சென்னைக்கும் என் ராசியா காரணம்? இதை இலையில் பாயசம் ஊற்றும்போது சத்தமாகவே சொல்லிவிட்டேன். இத்தனை நாள் இதைத்தானே சொல்லக் காத்திருந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். சம்பந்தியம்மாள் விரலை நக்கிக்கொண்டே சொன்னார்கள்: "மோகனு, இவுங்க எல்லா மேட்சையும் ஷோகேஸ் கண்ணாடில பாத்துட்டுத்தான் இருந்தாங்கொ. பாத்ததெல்லாம் ஜெயிச்சா. இன்னிக்குத்தான் பாக்கல."

மாப்பிள்ளையின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "அத்தை! இத நேத்தே சொல்றதுக்கு என்னுங்க?"

அக்டோபர் 14, செவ்வாய்

மிருதுளா வந்துவிட்டாள். இரண்டாம் பரிசுத் தட்டை என் மடியில் போட்டுவிட்டு ஏழு இட்லி சாப்பிட்டுத் தூங்குகிறாள். பேப்பரில் பேர் வந்திருக்கிறது, சாம்பியன் பேருக்குக் கீழே. லலிதா, "தோத்துட்டாளாமே" என்றாள். "முப்பத்திரண்டு பேரு போனாங்க. முப்பது பேரு எங்க புள்ளைக்குப் பின்னால" என்றேன். இந்தக் கணக்கையாவது சரியாகப் போட வேண்டும்.

அடுத்த மாதம் ஐதராபாத்தில் போட்டி. மட்டைக்குப் புது நரம்பு கட்டக் கொடுத்தாகிவிட்டது.

மாப்பிள்ளை எனக்கு இடம் ஒதுக்கிவிட்டார். நடுச் சோபாவில் உட்காரலாம் என்று ஆசையாக இருந்தேன். இல்லையாம். சமையலறை வாசலில், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி, முதல் பந்து முதல் கடைசிப் பந்து வரை அசையாமல் இருக்க வேண்டுமாம். ஸ்டூலுக்கு ஒரு மெத்தைகூடத் தைக்கச் சொல்லியிருக்கிறார்.

"செரிங்க மாப்ள" என்றேன். "எனக்கு ராசியில நம்பிக்கை இல்லீங்க. உங்களுக்காக உக்காந்துக்கறேன். அசையாம உக்காந்துட்டா அன்னிக்குச் சமையல் யாருங்க?"

மாப்பிள்ளை அவருடைய அம்மாவைப் பார்த்தார். அவருடைய அம்மா மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.